பிள்ளைகள் விவரம்

"மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"மூணு" என்றார் நல்லுசாமி.

"ரெண்டு" என்றார் பேச்சாயி.

இனிகோ கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் விசா ஏஜென்சி வைத்துப் பதினோரு வருஷம். கல்யாணத் தேதி தெரியாமல் முழித்த புருஷன்மாரைப் பார்த்திருக்கிறான். பிள்ளைக் கணக்கே இடிக்கிற ஜோடியை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அதுவும் புருஷன் கணக்கில் ஒன்று கூடுதல். அவன் பார்வை தானாக நல்லுசாமியின் முறுக்கு மீசைக்குப் போனது.

"ஐயா, அந்த மூணாவது..." குரலைத் தாழ்த்தினான். "வேற பக்கமா?"

"எந்தப் பக்கத்தைச் சொல்றீக தம்பி?" மீசை துடித்தது.

பேச்சாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த மூஞ்சிக்கு நான் கெடைச்சதே பெருசு. நீங்க ரெண்டுன்னு போடுங்க தம்பி."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. செம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. மூத்தவன் அழகுராஜா மெல்போர்னில் இருக்கிறான். போன வருஷம் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். இப்போது அப்பா அம்மாவை நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்ள அவன்தான் ஸ்பான்சர். அடுத்தவள் கீர்த்தனா, எரியோட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று.

மூன்றாவது, மூக்கையா. தோப்பில் காய் பறித்தவர் மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தபோது, தாயும் இல்லாமல் நின்ற நாலு வயதுப் பிள்ளை. நல்லுசாமி தூக்கி வந்து, ரெஜிஸ்டர் ஆபீசில் தத்துப் பத்திரமும் பதிந்து வைத்தார். இன்றைக்குத் தோப்பு மொத்தமும் அவன் பொறுப்பு.

"சிக்கலே அதுலதான்யா" என்றான் இனிகோ. "பிள்ளைங்கள்ல பாதிப் பேராச்சும் அந்த நாட்டுல குடியிருக்கணும், அதான் விதி. ரெண்டுல ஒண்ணுன்னா பாதி. மூணுல ஒண்ணுன்னா அப்ளிகேஷனே போட வேணாம். தத்துப் பிள்ளையும் கணக்குல சேரும்."

"சேரட்டும். மூணு."

"ரெண்டு."

பேச்சாயியின் செல்போன் அடித்தது. மெல்போர்னிலிருந்து அழகுராஜா. ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டுன்னே போட்டுருங்கண்ணே. அப்பா சொல்றதைக் கேக்காதீங்க. அம்மாகிட்ட காலையிலேயே பேசிட்டேன், மூணுல ஒண்ணைக் கழிச்சாத்தான் தேறும்."

"அப்ப மூக்கையா யாருடா?" என்றார் நல்லுசாமி.

"நம்ம வீட்ல வளந்தவன்பா. அம்புட்டுத்தான். எவனாச்சும் விசாரிச்சா, தோப்புல வேலை பாக்குற ஆளுன்னு சொல்லிக்கலாம். அவன் ஒண்ணும் நினைக்க மாட்டான்."

"சரிப்பா, நீ உன் வேலையைப் பாரு" என்று பேச்சாயி போனை வைத்தார்.

வாசலில் நிழல் தட்டியது. ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த மூக்கையா. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முப்பது வயது ஆள், காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அண்ணன் சொல்றது சரிதான்பா. ரெண்டுன்னே எழுதச் சொல்லுங்க. நீங்க நல்லாயிருந்தாப் போதும், நான் எங்க போயிரப் போறேன்?" சிரித்தான். காகிதத்தை மேஜையில் வைத்தான். "வண்டி வெயில்ல நிக்குது. நிழல்ல விட்டுட்டு வாரேன்."

இறங்கிப் போனான். வண்டி வேப்பமர நிழலில்தான் நின்றது. ஜன்னல் வழியாக இனிகோவுக்கு அது தெரிந்தது.

நல்லுசாமி பொண்டாட்டி பக்கம் திரும்பினார். "நாலு வயசுல இருந்து சோறு ஊட்டுனவ நீ. ரெண்டுன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வருது?"

"ரெண்டுன்னா ரெண்டுதான். செத்த நேரம் சும்மா இருங்க."

பிளேன் ஏறுவதற்கு முன்பே இந்த அம்மா மனசு அந்த ஊர்க் குளிருக்குப் பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான் இனிகோ. நினைத்தபடியே 2 என்று அடித்தான். எது எப்படியோ, அவனுக்கு ஃபைல் நகர வேண்டும்.

"பேரு சொல்லுங்கம்மா. மூத்தவர்ல இருந்து."

"கீர்த்தனா."

பெண் பிள்ளையை முதலில் சொல்கிறார், சரி. அடித்தான். "அடுத்து?"

"மூக்கையா."

இனிகோவின் விரல் நின்றுவிட்டது. நல்லுசாமி திறந்த வாயை மூடவில்லை.

"அம்மா... அழகுராஜா? அவர்தானே உங்களுக்கு ஸ்பான்சர்? அவர் பேரு இல்லேன்னா அப்ளிகேஷனே இல்லையே!"

"தெரியும் தம்பி. நேத்து வரைக்கும் போகணும்னு எனக்கும் ஆசைதான். காலையில அவன் ஒண்ணைக் கழிக்கச் சொன்னான்ல, அதுல இருந்து யாரைன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவன்தான் வேற நாட்டுக்காரன் ஆயிட்டானே, கழிக்கச் சுலுவா இருந்துச்சு."

பேச்சாயி ஜெராக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. கண் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது.

"அவன் மறுபடியும் எங்களுக்குப் பிள்ளையாகணும்னா முறைப்படி அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க தம்பி. மூக்கையா ஸ்பான்சர் பண்ணுனா, பாக்கலாம்."