முதுகில் வந்த வார்டர்

"ஜெயில்லேர்ந்து தப்பிச்சு ஓடினவங்க ஆயிரம் பேர் உண்டு மேடம். காவலுக்கு வந்த வார்டரையே முதுகுல தூக்கிக்கிட்டு, மூணு மலை ஏறி இறங்கி ஜெயிலுக்கே திரும்பி வந்து, அவர் சாவியாலேயே தன்னைத்தானே உள்ளே வச்சுப் பூட்டிக்கிட்டவன், இந்தத் தைவான் தீவுலேயே நான் ஒருத்தன்தான்!"

ஆசாய் மார்பில் தட்டிக்கொண்டார். எதிரே இருந்த பெய்லிங்கின் பேனா அப்படியே நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் துவான் சிரித்த சிரிப்பில் அவருடைய நாற்காலி முனகியது. அதற்கு ஏற்கெனவே கஷ்டகாலம். துவானின் உடம்பு, ஆவியில் வெந்த பன் மாதிரி எந்நேரமும் உப்பிக்கொண்டே இருக்கும்.

பெய்லிங் சிறைத்துறைக்குப் புதிது. கைதியிடம் பேசி, அவரை வெளியே அனுப்பினால் என்ன ஆபத்து, திருந்தி வாழ அவருக்கு என்ன தேவை என்று கணிப்பதற்கான பயிற்சியில் இன்று அவளுக்கு முதல் நேர்காணல். வாய்த்தவரோ ஆசாய். ஒரே மீன்பிடிப் படகை மூன்று பேருக்கு விற்றுவிட்டு உள்ளே வந்தவர். நாலாவதாக ஒருவர் வந்திருந்தால் கடலையும் சேர்த்து விற்றிருப்பார்.

"இவன் அளக்கறதையெல்லாம் எழுதாதேம்மா," என்றார் துவான். "பழைய கோப்புல என்ன இருக்கு? 'சூறாவளி நேரத்தில் வார்டரின் சாவியைத் திருடித் தப்பிக்க முயற்சி.' தப்பியோடும் ஆபத்து அதிகம்னு போட்டுட்டு எழுந்திரு. சாப்பாடு ஆறிடும்."

"அப்படிப் போட்டா ஜெயிலுக்கு வெளியே போய்ச் செய்யற வேலை இவருக்குக் கிடைக்காதே சார்?"

ஆசாயின் முகத்தில் இருந்த குறும்பு சட்டென்று வடிந்தது.

"அந்த வேலை கிடைச்சாத்தான் மேடம் லீவு நாள்ல வீட்டுக்குப் போக முடியும். அடுத்த மாசம் என் பேத்திக்கு ஒரு வயசு. அவ முன்னால பேனா, கத்தரிக்கோல், அகப்பைன்னு பரப்பி வைப்பாங்க. எதை எடுக்கறாளோ அதுதான் அவ பொழைப்பு. அவ கையை நீட்டறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

"நீ போனா நடுவுல ஒரு படகுப் பத்திரத்தையும் வச்சுடுவியே!" என்றார் துவான்.

பெய்லிங் அவர் பக்கம் திரும்பினாள். "சார், ஆமா இல்லைன்னு முடியற கேள்வி கேட்கக் கூடாது, 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். மனுஷங்ககிட்ட கேட்கச் சொன்னேன். இந்தப் புளுகுமூட்டைகிட்டயா?"

அவள் சிரித்துக்கொண்டே ஆசாயிடம் கேட்டாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"அது வேற ஜெயில் மேடம், என் முதல் தண்டனை. மலைத்தோட்டத்துல முட்டைக்கோஸ் வெட்டிக்கிட்டிருந்தோம். வந்துச்சு பாருங்க சூறாவளி! முட்டைக்கோஸெல்லாம் கொக்கு மாதிரி பறந்து போச்சு. மத்தவங்க லாரியில ஏறிட்டாங்க. பின்தங்கின என்னைக் கூட்டிட்டுப் போக ஒரு வார்டர் வந்தான். அன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த பையன், பேர்கூடத் தெரியாது. ஊதுவத்தி மாதிரி இருப்பான். மண்சரிவுல உருண்டு கால் ஒடிஞ்சு மயங்கிட்டான்."

"அப்புறம்?"

"ஓடியிருக்கலாம். ஆனா ஊதுவத்தி நனைஞ்சுடுமேன்னு தூக்கிக்கிட்டேன். வந்து பார்த்தா வாசல்ல ஒரு ஆள் இல்லை, எல்லாரும் பின்சுவர்ப் பக்கம் மண்மூட்டை அடுக்கப் போயிட்டாங்க. இவன் சாவியை எடுத்துத் திறந்து, இவனைத் திண்டுல படுக்க வச்சுட்டு, என் அறைக்குப் போய் கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டிக்கிட்டேன். களைப்புல தூங்கிட்டேன். விடிஞ்சதும் சாவி என் மடியில! அவ்வளவுதான், திருடன்னுட்டாங்க. நடந்ததைச் சொன்னேன், ஏமாத்திட்டு உள்ளே வந்தவன் பேச்சை எவன் நம்புவான்?"

"பொய்!" துவான் மேஜையைத் தட்டினார். "அந்த வார்டர் ஒடிஞ்ச காலோட தானே தவழ்ந்து வந்து சேர்ந்தாரு. அதுக்குப் பதக்கமே கொடுத்தாங்க. ஊருக்கே தெரியும்!"

பெய்லிங் விடவில்லை. "வர்ற வழியில என்னென்ன நடந்துச்சு?"

"அதை ஏன் கேட்கறீங்க! அரை மயக்கத்துல 'ஆமெய், ஆமெய்'னு ஒரே கொஞ்சல். யாரோ காதலி போலன்னு நினைச்சேன். 'மெதுவா போ கண்ணு, ஓடையில இறங்கிப் படுத்துடாதே'ங்கறான். நான் கொஞ்சம் நின்னா, நல்ல காலால என் விலாவுல ஒரு உதை! வழி திரும்பற இடத்துலெல்லாம் என் காதைப் பிடிச்சு முறுக்கறான். நீங்களே சொல்லுங்க, எந்தக் காதலி இதையெல்லாம் பொறுத்துக்குவா?"

பெய்லிங் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூலையிலிருந்து மட்டும் சிரிப்பு வரவில்லை. நாற்காலிகூட முனகவில்லை.

துவான் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து வந்தார். ஆசாயின் காதையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"எழுதிக்கம்மா," என்றார். "அண்ணன் சொன்னது அத்தனையும் நடந்ததுதான். ஆமெய்... எங்கப்பாவோட எருமை."