நீலக் கறை

"போதுங்க, நிறுத்துங்க! இன்னும் உதைச்சா உங்க முட்டிதான் கழண்டு வரும். வண்டி கிளம்பாது!"

கணவன் மூச்சிரைக்க இறங்கினான். ஷெட் முழுக்கப் புகை. அதன் நடுவே, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி நின்றிருந்தது அவளுடைய நாலு சக்கர சிவப்பு குவாட் பைக்.

மணி எட்டு. பத்து மணிக்குப் பந்தயத்தின் தகுதிச் சுற்று. முதல் ஆறு பேரில் வந்தால் இறுதிப் போட்டி. புறப்படும் கோட்டில் போய் நிற்கவே முடியாவிட்டால், அடுத்த வருஷம்தான்.

காலையில் முதல் உதையிலேயே கிளம்பிய வண்டிதான். இரண்டே நிமிஷம் ஓடியது. தெருவுக்கே புகை போட்டுவிட்டு, இருமி இருமி அணைந்துபோனது.

அவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாம் சரியாக இருந்தால் அதன் முனை காபி நிறத்தில் இருக்க வேண்டும். இதுவோ எண்ணெயில் முக்கியெடுத்த கரித்துண்டு.

"ரெண்டாவது பிளக்கும் காலி. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"கார்புரேட்டரா இருக்குமோ?"

"நேத்துதான் பிரிச்சுக் கழுவி, ஜெட் துளையை ஊதிப் பார்த்துப் பூட்டினேன். ஏர் ஃபில்டர் புதுசு. சைலன்சர்ல அடைப்பில்ல..." விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பெட்ரோல்ல ஆயில் கலந்தீங்களா?"

டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலிலேயே ஆயிலை அளவாகக் கலந்து ஊற்ற வேண்டும். ரிப்பேரெல்லாம் அவள் பொறுப்பு. கேனில் பெட்ரோல் வாங்கி ஆயில் கலந்து வைப்பது அவன் பொறுப்பு. கல்யாணமாகிப் பத்து மாதமாக அதுதான் ஒப்பந்தம்.

"சத்தியமா இந்தத் தடவை கலந்தேன்! கண்ணாடியில சீட்டு ஒட்டி வெச்சிருந்தியே, அதைப் பார்த்துட்டு அளந்து ஊத்தினேன்."

"எப்பவும் கலக்கறதுதானே, அதுக்கு எதுக்கு சத்தியம்?"

அவன் அவசரமாகக் குனிந்து, கீழே விழாத ஸ்பேனரைத் தேடினான்.

ஜன்னலில் மாமியாரின் முகம் தெரிந்தது. "என்ன, நாலுகால் பிசாசு படுத்துடுச்சா? தெரு இன்னிக்காவது நிம்மதியா தூங்கட்டும்."

"உங்க வாய் முகூர்த்தம் அத்தை!"

ஜன்னல் சாத்திக்கொண்டது. அவள் கேனில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றித் தூக்கிப் பார்த்தாள். நீல ஆயில் கலந்ததால் வழக்கமாக இளநீலமாக இருக்கும். இன்றைக்கு மைப்புட்டி மாதிரி இருந்தது.

"ரெண்டு பங்கு ஆயில்! நீங்க அளந்தது சரின்னா, அதுக்கு மேல யாரோ ஊத்தியிருக்காங்க."

"யாரு ஊத்துவா?"

"கேன் ராத்திரி பூரா பின்வாசல்ல இருந்துச்சு. வீட்டுல இருக்கறது மூணு பேர். நான் இல்ல. நீங்களும் இல்ல."

"ஏய், அம்மாவையா சொல்றே?"

"நான் யாரையும் சொல்லல. எண்ணிக் காட்டினேன்."

விசாரணையை ஒத்திவைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். பெட்ரோல் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்தார்கள். பிளக் இல்லாமலே பத்து உதை உதைத்து, உள்ளே தேங்கியிருந்ததை வெளியே துப்ப வைத்தாள். அவன் ஸ்கூட்டரிலிருந்து குழாய் போட்டு பெட்ரோல் இறக்க, ஆயிலை அவளே சொட்டுக் கணக்கில் அளந்து கலந்தாள். கடைசி பிளக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள்.

ஒரு உதை. ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஒரு இருமல்.

மூன்றாவது உதையில் ஷெட்டின் தகரமே அதிர்ந்தது! நூல் மாதிரி மெல்லிய புகை, கத்தி மாதிரி கணீர்ச் சத்தம். இருவரும் கிரீஸ் கையோடு கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

வண்டியை வேனில் ஏற்றிக் கட்டிவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். ஷெட்டிலிருந்து மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த பழைய அளவுக் கோப்பை ஜன்னல் திட்டில் கவிழ்ந்திருந்தது. விளிம்பில் நீலக் கறை. மாமியாரின் நகக்கண்ணிலும் அதே நீலம்.

"அத்தை, கேன்ல ஆயில் ஊத்தினது நீங்களா?"

"ஆமா, நான்தான்." மாமியார் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை.

"அம்மா!" வாசலில் நின்ற கணவன் அலறினான்.

அவள் கோப்பையை எடுத்து நீட்டினாள். "நான் ஓட்டறது பிடிக்கலேன்னா நேரா சொல்லியிருக்கலாமே அத்தை. ரெண்டு பிளக் போயிடுச்சு. மூணாவதும் போயிருந்தா..."

"பிடிக்கலேன்னு யாரு சொன்னா? எனக்கு அந்தச் சத்தம்தான் ஆகாது." மாமியார் கரண்டியோடு திரும்பினாள். "ஆயில் இல்லாம ஓட்டினா பிஸ்டன் ஒட்டிக்கும், சக்கரம் பூட்டிக்கிட்டு ஆளைத் தூக்கி வீசும்னு சாப்பிட உட்காரும்போதெல்லாம் பாடம் நடத்தினது யாரு? நான் காதைப் பொத்திக்கிட்டா எனக்குக் கேக்காதா?"

"அதுக்குத்தான் இவர் கலக்கறாரே அத்தை! நீங்களும் சேர்ந்து ஊத்தி ரெண்டு மடங்காயிடுச்சு."

"என்னது, இவன் கலந்தானா?" மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள். "பத்து மாசமா ஒவ்வொரு தடவையும் கேனைத் திறந்து பார்ப்பேன். வெறும் பெட்ரோலாத்தான் இருக்கும். நான்தான் டப்பாவுல போட்டிருக்கற அளவைப் பார்த்துப் பார்த்து ஊத்துவேன். பெத்த பிள்ளையைப் பத்தித் தெரியாதான்னு நேத்துதான் முதல் தடவையா திறந்து பார்க்காம ஊத்தினேன்..."

அவள் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். மாமியாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகனை முறைத்தாள்.

"ஏண்டா, இத்தனை நாள் இல்லாத அதிசயமா நேத்து மட்டும் உன்னை யாருடா கலக்கச் சொன்னது?"