சட்டையில் இருந்த வாசனை

"சாவியைக் குடுங்க மாமி. ஒரே ஒரு தபா மோந்து பாத்துட்டு வச்சிடறேன்."

"உனுக்குத்தான் மூக்கு செத்துக் கெடக்குதே. சும்மா தொட்டுத் தொட்டு, கீற வாசனையையும் போக்கடிக்கப் போறியா?"

காத்தூன் பீவி டிரங்குப் பெட்டியின் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

அஜீசாவுக்கு அழுகை முட்டியது. பெட்டிக்குள் இருப்பது அவள் புருஷன் பஷீரின் சட்டை. சரக்குக் கப்பலில் கலாசியாக இருந்தவன். போன வருஷம் பினாங்குக்குப் போகிற வழியில் வயிற்றுவலி கண்டு மௌத்தாகிவிட்டான். உடம்பைக் கடலிலேயே இறக்கிவிட்டதாகச் சேதி மட்டும்தான் ராயபுரத்துக்கு வந்தது.

கிளம்பின அன்று அவன் கழற்றி ஆணியில் மாட்டிய சட்டையை அஜீசா துவைக்கவே இல்லை. பீடி, அத்தர், கொஞ்சம் வேர்வை. அதில் முகத்தைப் புதைத்தால்தான் அவளுக்குத் தூக்கம்.

அப்புறம்தான் கப்பலில் வந்த அந்த ஃப்ளூ ஜுரம், கல்மண்டபம் பக்கம் வீட்டுக்கு வீடு ஆளைப் படுக்கவைத்தது. அஜீசாவும் விழுந்தாள். பிழைத்து எழுந்தபோது கஞ்சிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மீன் கூடை வாசலோடு போனாலும் மூக்குக்கு எட்டவில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சட்டை, ஆணியில் இல்லை. மாமியாரின் பெட்டிக்குள் போயிருந்தது.

தினமும் சாயந்தரம் காத்தூன் பீவி பெட்டியைத் திறப்பாள். சட்டையைத் தானே எடுத்து மோந்து பார்ப்பாள்.

"கீதா மாமி?"

"கீது, கீது. பீடி வாசனை. காலர்ல அத்தர். தலைக்கு வச்ச எண்ணெகூட லேசா கீது."

அஜீசா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பெட்டி பூட்டுகிற சத்தம் வந்ததும் ஏக்கமெல்லாம் ஆத்திரமாகிவிடும். பெற்ற பாசமாம்! கட்டினவளுக்கு ஒரு சட்டையைத் தர மனசில்லை.

ஒருநாள் மத்தியானம், பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் கருவாடு சுட்டாள்.

அடுப்படியில் இருந்த அஜீசா சட்டென்று நிமிர்ந்தாள். கருவாடு! அதன் பின்னாலேயே ஈர விறகுப் புகை. எல்லாம் மூக்கில் ஏறியது!

மாமியார் குளிக்கப் போயிருந்தாள். சாவி தலையணைக்கு அடியில் கிடைத்தது. பெட்டியைத் திறந்து, சட்டையை அள்ளி, முகத்தைப் புதைத்தாள்.

சவுக்கார வாசனை. வேறெதுவுமே இல்லை.

"தொவைச்சிட்டீங்களா!"

அலறல் கேட்டு ஈரத்தலையோடு ஓடிவந்தாள் காத்தூன் பீவி. மருமகள் கையில் சட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆமா. கலீஜா கீதேன்னு தொவைச்சேன்."

"நீங்களும் ஒரு பொம்பளையா? எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதானே!"

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த சிலுவையம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னும் எத்தினி பேச்சு வாங்குவே பாயம்மா? உண்மையைச் சொல்லேன்."

"நீ சும்மா இரு சிலுவை."

"மாட்டேன். அஜீசா, கேட்டுக்க. ஜுரத்துல நெனவே இல்லாம இந்தச் சட்டையைக் கட்டிப் புடிச்சிக்கினு, அதுமேலயே வாந்தி எடுத்தது நீதாண்டி. 'தன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா இந்தப் பொண்ணு தாங்காது, பழி என்மேலயே இருக்கட்டும்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு, அழுதுகினே அலசிப் போட்டுச்சு இந்தம்மா."

அஜீசாவின் கையிலிருந்து சட்டை மடியில் விழுந்தது.

"அப்போ... பீடி கீது, அத்தர் கீதுன்னு தெனமும் பொய்யா சொன்னீங்க மாமி?"

காத்தூன் பீவி குனிந்து அந்தச் சட்டையை எடுத்தாள். முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"பொய் இல்லம்மா. எனக்கு வந்துச்சி."