உள்ளே போன கேமரா

“யாரைக் கேட்டு கேமராவை உள்ள குடுத்தீங்க? இப்ப எனக்கு இன்டர்வியூ ஆரம்பிச்சிடும்!”

“கத்தாத கோதை. சும்மா டெஸ்ட் பண்ணேன். உள்ள இருக்கறது விட்டாத்தானே வெளிய வரும்?” என்றான் அவள் கணவன் தனபால், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வீட்டுக் கணினிக்குள்ளேயே அவன் ஒரு மென்பொருள் மூலம் இன்னொரு கணினியை உண்டாக்கி வைத்திருந்தான். திரையின் ஓரத்தில் சின்னச் சதுரமாக அது ஓடிக்கொண்டிருக்கும். கோதை வேலைக்குப் போகும் பேச்சை எடுத்தாலே ஏதாவதொரு கருவி அதற்குள் போய்விடும். அங்கே இணைந்தது இங்கே வேலை செய்யாது. விண்ணப்பம் அனுப்பவிருந்த அன்று பிரின்டர் உள்ளே போனது. இன்று கேமரா.

கோதைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இத்தனை வருஷம் கழிச்சு ஒரே ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க. பொறுக்கலை, இல்ல?”

கேமராவின் வயரைப் பிடுங்கக் குனிந்தவள், அந்தச் சதுரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதில் தெரிந்தது இதே அறைதான். இதே பச்சைப் புடவையில் அவளே உட்கார்ந்து, கைகளை வீசி வீசி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே தனபாலின் நாற்காலி காலியாக இருந்தது.

அந்தக் கோதையின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மவுஸின் மேல் தனபாலின் கை விறைத்துக் கிடந்தது.

கோதை வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். குரலில் அனல் இன்னும் தணியவில்லை.

“மைக்கையும் உள்ள குடுங்க.”