மூன்று அண்டா மழைத் தண்ணீர்

ஒரு செடிக்காகச் சண்முகசுந்தரம் பட்டணத்திலேயே தங்கிவிட்டார்.

1942, சித்திரை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூர்த் தெருக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அவர் தாவரவியல் சொல்லிக்கொடுத்த கல்லூரியையும் மூடிவிட்டார்கள்.

அந்தக் கல்லூரியிலிருந்துதான் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிளையைக் கொண்டுவந்து நட்டார். அசாம் மலைச் செடி. ஒவ்வோர் இலையின் நுனியிலும் மூடி போட்ட ஒரு சின்னக் குடுவை தொங்கும். தேனுக்கு வருகிற எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழும். செடி அவற்றைக் கரைத்துக் குடித்துவிடும்.

மனைவி மீனாட்சிக்கு அதைக் கண்டாலே ஆகாது. வெங்காயம்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற திருநெல்வேலிச் சைவக் குடும்பம்.

"மிருகக்காட்சி சாலையில புலியையெல்லாம் சுட்டுட்டாங்களாம். இது மட்டும் தப்பிச்சிட்டுது" என்றாள்.

எரு போட்டால் அந்தச் செடி கருகும். கிணற்று உப்பு பட்டால் குடுவை விடாது. மழைத் தண்ணீர் மட்டும்தான் வேண்டும். ஐப்பசி மழையில் பிடித்து, வாயில் துணி கட்டிய மூன்று அண்டாக்கள் சமையலறை மூலையில் இருந்தன. இரண்டு பெண் குழந்தைகள்கூட அதில் கை வைக்க முடியாது.

எழும்பூரில் ரயிலேறும்போது மீனாட்சி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நாங்க மூணு பேரைவிடச் செடி பெரிசா?"

"ஒரு வாரம் தண்ணி தப்பினா போயிடும், மீனாட்சி."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஹாஜிரா பீயிடம் மட்டும், அந்தச் செடி அவரைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஹாஜிரா பீயும் அவள் புருஷன் பீர் முஹம்மதும் எங்கும் போவதாக இல்லை.

ரயில் நகரும் நேரத்தில் இன்னொன்றும் சொன்னாள். "தனியா இருக்கோம்னு மாம்பலம் பக்கம் போயிராதீங்க. சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்."

மேற்கு மாம்பலத்தில் அவளுடைய அண்ணன் அய்யாதுரை இருந்தார். பிள்ளையில்லை, மனைவியும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா அவர் வீட்டில்தான் இறந்தாள். தங்கைக்குச் சொல்லியனுப்பியது சிதை எரிந்த பிறகு. அன்றைக்கே மீனாட்சி, இரண்டு பெண்களின் தலையிலும் புருஷன் கையை எடுத்து வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். 'நம்ம கையால அவருக்கு ஒரு வாய்த் தண்ணி கூடாது.'

பாளையங்கோட்டையில் நாத்தனார் வீட்டில் மீனாட்சியும் பெண்களும் தங்கினார்கள். புருஷனிடமிருந்து வாரம் ஒரு கார்டு வந்தது. செடிக்குத் தண்ணீர் விடுகிறேன், புதிதாய் ஒரு குடுவை திறந்தது, இப்போதைக்குப் புறப்பட முடியாது. எல்லாக் கார்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"எந்தம்பி அந்தச் செடியையே கட்டியிருக்கலாம். சேலை கேக்காது, பூச்சிதானே கேக்கும்" என்று நாத்தனார் சிரிப்பாள். முதலில் மீனாட்சிக்கு அழுகை வந்தது. பிறகு கார்டை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கப் பழகிவிட்டாள்.

குண்டு விழவில்லை. ஆவணியில் ஊர் திரும்பியது. அவளும் பெண்களோடு திரும்பினாள்.

முற்றத்தில் தொட்டி இருந்தது. செடி இல்லை. ஒரு காய்ந்த தண்டு, அதில் பீடி இலைபோல் சுருண்ட நாலைந்து குடுவைகள். தொட்டதும் உதிர்ந்தன.

சமையலறையில் மூன்று அண்டாக்களும் கவிழ்ந்து கிடந்தன.

மீனாட்சி பெட்டியின்மேலேயே உட்கார்ந்தாள். சண்டை போடவும் தெம்பில்லை.

"எப்ப செத்துது?"

"வைகாசியில."

"போன வாரக் கார்டுல குடுவை திறந்துதுன்னு எழுதினீங்க."

சண்முகசுந்தரம் மிகவும் இளைத்திருந்தார்.

அப்போது ஹாஜிரா பீ ஒரு சொம்பை இரு கையாலும் பிடித்தபடி பின்வாசல் வழியாக வந்தாள். "இன்னிக்கும் குடிக்கமாட்டேன்றாரு சார்" என்று சொன்னவள், மீனாட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு?" என்றாள் மீனாட்சி.

சண்முகசுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் சத்தியத்தை மீறலை, மீனாட்சி. என் கையால ஒரு வாய் கொடுக்கலை. அண்டா வாயில கட்டின துணியை அவிழ்த்து வச்சேன், அவ்வளவுதான்."

மிச்சத்தை ஹாஜிரா பீ சொன்னாள். மாம்பலத்தில் சமையல்காரன் ஓடிப்போனது. அய்யாதுரை உடம்பெல்லாம் நீர் கோத்துத் தனியாகக் கிடந்தது. பீர் முஹம்மது ஜட்கா வைத்துத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தது. உப்பும் கூடாது, உப்புத் தண்ணீரும் கூடாது, மழைத் தண்ணீரில் வைத்த கஞ்சிதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தக் கஞ்சியை நாலு மாதமாக அவள்தான் வைத்துக் கொடுத்தாள். இப்போது வீக்கம் வடிந்து எழுந்து உட்காருகிறாராம்.

மீனாட்சி சொம்பைப் பார்த்துக் கேட்டாள். "இன்னிக்கு ஏன் குடிக்கலை?"

"இதாம்மா கடைசி சொம்பு. நீங்க வர்றீங்கன்னு கேட்டதுலேர்ந்து தொடமாட்டேன்றாரு. அம்மா சாவுக்கு வரவிடாம பண்ண பாவிக்கு தங்கச்சி கையால ஒரு வாய் தண்ணி கெடைக்குமான்னு கேட்டுட்டு, தெனம் சுவரைப் பார்த்துக்கினு கீறாரு."

மீனாட்சி எழுந்தாள். இரண்டு பெண்களையும் அருகில் இழுத்து, அவர்கள் தலையைத் தன் முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டாள். பிறகு சொம்பை வாங்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள்.