ஒரு நிமிஷ மௌனம்

தலைமாட்டில் இருந்த பெட்டி பேசத் தொடங்கியதும் டாக்டர் செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய சொந்தக் குரல்!

சாகப்போகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று இருபத்தெட்டு வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அத்தனை பாடத்தையும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, வகுப்பை இழுத்து மூடிவிட்டார்கள். இன்று படுக்கையில் அவரே.

"இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"யாரையாவது பார்க்கணும்னு தோணுதாம்மா?" என்றது பெட்டி.

ஒரு வாரம்கூடத் தாங்காதவர்களிடம் மட்டும் கேட்கச் சொல்லி அவர் எழுதிவைத்த கேள்வி அது.

"என் ஸ்டூடண்ட்ஸ்ல ஒருத்தரையாவது வரச் சொல்லும்மா" என்றார், கதவுப் பக்கம் திரும்பி.

கதவருகே நின்ற நர்ஸ் ஜெசிந்தா சங்கடமாகச் சிரித்தாள். "அவங்கல்லாம் வேற டிபார்ட்மென்ட் போயிட்டாங்க மேடம். இந்த வார்டுக்கு இப்ப டாக்டரே கிடையாது. உங்களைவிட நல்லா யாரு பேசிடப் போறாங்க, சொல்லுங்க?"

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

பெட்டி மௌனமானது. அதுவும் அவர் பாடம்தான். கெட்ட செய்திக்குப் பிறகு ஒரு நிமிஷம் வாயைத் திறக்காதே, கையை மட்டும் பிடித்துக்கொள்.

செண்பகவல்லி போர்வைக்கு வெளியே கையை நீட்டி வைத்தார்.

சரியாக ஒரு நிமிஷம் கழித்து, பெட்டி மறுபடி பேசத் தொடங்கியது.