ஐஸ் விழவில்லை

மெக்கானிக் விமல்ராஜ் பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தான். சமையலறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது.

கனகமாலா மூலையில் மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் பிரிட்ஜ். வெளியே போக வேண்டுமென்றால் மெக்கானிக்கைத் தாண்ட வேண்டும். அவனைத் தாண்டினாலும், சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் கணவர் வர்த்தமானன் உட்கார்ந்திருந்தார்.

காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் போன் செய்து மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறார். மணி அடித்துக் கதவைத் திறந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நாளைக்குப் பௌர்ணமி சார். கிரிவலக் கூட்டத்துல வண்டிய உள்ள விடமாட்டாங்க. அதான் இன்னைக்கே வந்துட்டேன்," என்றான் விமல்ராஜ்.

"நல்லதாப் போச்சு." அவர் கண்கள் பிரிட்ஜை விட்டு நகரவில்லை.

இரண்டு கதவு வைத்த பெரிய பிரிட்ஜ். வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அபிநந்தன் வாங்கித் தந்தது. தண்ணீர்க் குழாயோடு இணைத்துவிட்டால் அதுவே ஐஸ் கட்டிகளைச் செய்து உள்ளே சேர்த்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் போதும், கிண்ணத்தில் வந்து விழும். விழுகிற சத்தம் படுக்கையறை வரைக்கும் கேட்கும்.

போன வாரத்திலிருந்து அந்தச் சத்தம் இல்லை.

விமல்ராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தான். குளிர் சரியாக இருந்தது. ஐஸ் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்துகிற கம்பியைத் தூக்கிப் பார்த்தான், அதுவும் சரி. பில்டரைக் கழற்றி ஊதினான். அடைப்பில்லை.

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். தண்ணிதான் உள்ள வரல. பின்னாடி பாக்கறேன், ஜாஸ்தி நேரம் ஆகாது."

வர்த்தமானன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"இருக்கட்டும்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றாள் கனகமாலா.

"நீ சும்மா இரு."

வெளியே இழுத்த பிரிட்ஜின் சூடு அவள் முகத்தில் அடித்தது.

விமல்ராஜ் டார்ச்சோடு பின்பக்கம் வந்து குனிந்தான். இப்போது அவனும் அவளும் வர்த்தமானன் கண்ணுக்கு மறைவாக இருந்தார்கள்.

சுவரிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய். அதில் சின்னதாக ஒரு வால்வு. அதன் பிடி குறுக்கே திரும்பியிருந்தது. தானாகத் திரும்பக்கூடியதில்லை அது. யாரோ கையை விட்டு இறுக்கி மூடியிருக்கிறார்கள்.

அவன் பிடியில் விரலை வைத்தான்.

கனகமாலா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நிமிர்ந்து பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

"என்னப்பா, தெரிஞ்சுதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

முன்பின் தெரியாத ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

"வால்வு போயிடுச்சு சார்," என்றான் விமல்ராஜ், வால்விலிருந்து விரலை எடுத்துக்கொண்டு. "கம்பெனிலருந்து வரணும்."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது சார். லேட்டாகும்."

திரும்ப வந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் இடம் விட்டே பிரிட்ஜைத் தள்ளி வைத்தான். காபி வேண்டாம் என்றான். செருப்பை மாட்டும்போது அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆசைப்பட்ட மனுஷனுக்கு ஐஸைக்கூடக் கொடுக்காத பொம்பளை என்கிற பார்வை.

அவள் அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வர்த்தமானன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீதான மூடின?"

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"எனக்கு நேத்தே தெரியும் கனகா. நீ தூங்கினப்புறம் கைய விட்டுப் பாத்தேன். எட்டல."

இடது கைச் சட்டையை மேலே ஏற்றினார். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ஆபரேஷன் செய்த கை. நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக் கிடந்தது. அதை ஒட்டி நீளமாக ஒரு சிராய்ப்பு, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போனதிலிருந்து, நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தண்ணீர் விஷயத்தில் அவர் சொல் தவறியதே இல்லை. அவள் அளந்து வைக்கிற பாட்டிலுக்கு மேல் ஒரு மடக்கு கேட்டதில்லை. ஐஸை மட்டும் அவர் தண்ணீராக நினைக்கவில்லை. ஒரு நாள் கிண்ணம் கிண்ணமாகக் கடித்துத் தின்றதில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் உதடு நீலமாகியிருந்தது. பிழைத்து வீடு திரும்பிய அன்றுதான் கனகமாலா வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டாள்.

இப்போது பஞ்சில் மருந்து நனைத்துச் சிராய்ப்பைத் துடைத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சே எதுக்கு அவனக் கூப்பிட்டீங்க?"

"முடியல," என்றார்.

அவள் பஞ்சை எறிந்துவிட்டு அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"அந்தப் பையன் இடம் விட்டுத் தள்ளிட்டுப் போயிருக்கான். முழுக் கையும் நுழையும்," என்றார் பிறகு. "சுவத்தோட ஒட்டித் தள்ளிடு. இன்னைக்கும் வருவேன்."

கனகமாலா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பிரிட்ஜ் அசையவில்லை.

வர்த்தமானன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். மூச்சு வாங்க நடந்து வந்து, அவள் பக்கத்தில் நின்று, தன் தோளையும் கொடுத்தார்.